ஓராண்டு காய்த்து ஓராண்டு ஓயும் மாமரம்: காரணமும் கவனிக்க வேண்டியவையும்

வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாமரமோ, கிணற்று மேட்டிலும் வரப்போரத்திலும் பத்து இருபது மரமோ வைத்திருக்கும் சிறு விவசாயிகளிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "போன வருஷம் கிளை ஒடியக் காய்த்தது. இந்த வருஷம் பேருக்குக்கூடப் பூக்கவில்லை. மரத்துக்கு என்ன வந்தது என்றே தெரியவில்லை" என்பார்கள்.

இப்படி நேரும்போது சிலர் மரத்துக்கு நோய் என்று எண்ணிக் கண்ட மருந்தையும் வாங்கி அடிக்கிறார்கள். சிலர் வெறுத்துப்போய், வந்த விலைக்கு இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து மரத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் விறகுக்கு விலை பேசிவிடுகிறார்கள். இம்மூன்றுமே அவசர முடிவுகள். மரம் காய்க்காமல் நிற்கும் ஆண்டில் அதற்கான காரணம் அந்த ஆண்டில் இருப்பதில்லை. சென்ற பருவத்தில் காய் பறித்து முடித்த பிறகு மரம் எந்த நிலையில் இருந்தது என்பதிலேயே அது அடங்கியிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் செலவும் குறையும்; குத்தகையில் ஏமாறுவதும் குறையும்.

காய்ப்பு முடிவாவது எப்போது?

மாமரம் கிளையின் நுனியில் பூக்கும் மரம். பழைய கட்டையிலோ அடிமரத்திலோ பலா காய்ப்பது போல மா காய்ப்பதில்லை. எனவே நல்ல பூ வேண்டுமானால், நன்கு முற்றிய நுனிக்கிளைகள் மரம் முழுவதும் இருக்க வேண்டும்.

காய் பறித்து முடிந்ததும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் கிடைக்கும் மழையில் மரம் புதுத் துளிர் விடுகிறது. செம்பு நிறத்தில் வரும் அந்தத் துளிர் வெளிர் பச்சையாகிப் பின் கரும் பச்சையாகித் தடித்து, கிளையும் முற்றுவதற்குச் சில மாதங்கள் ஆகும். அவ்வாறு முற்றிய கிளையின் மொட்டு, கார்த்திகை மார்கழிக் குளிரும் மண்ணின் வறட்சியும் சேரும்போது பூ மொட்டாக மாறுகிறது. தை, மாசியில் பூங்கொத்து வெளிவருகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமதமாக வந்த துளிருக்கு முற்ற நேரம் போதாது. அந்தக் கிளைகளில் தை மாதத்தில் பூவுக்குப் பதிலாக மீண்டும் இலையே வரும். ஆகவே பூ வருமா வராதா என்பது தை மாதத்தில் முடிவாவதில்லை. முந்திய ஆடி, ஆவணியிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

காய்ப்பு ஆண்டும் ஓய்வு ஆண்டும்

ஒரு பூங்கொத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி ஆண் பூக்கள். இருபால் பூக்களில்தான் பிஞ்சு பிடிக்கும். அதிலும் பெரும்பாலான பிஞ்சுகள் உதிர்ந்துவிடும். கடைசியில் ஆயிரம் பூவுக்கு ஒன்றோ இரண்டோ பழமானாலே மரம் நிறையக் காய்த்ததாகப் பொருள்.

அந்தக் காய்கள் மூன்று நான்கு மாதங்கள் மரத்தில் தொங்கி, இலைகள் தயாரித்த மாவுச்சத்தையும், கிளையிலும் வேரிலும் சேமித்து வைத்த சத்தையும் உறிஞ்சிக் கொள்கின்றன. காய்த்துக் களைத்த கிளையில் அறுவடைக்குப் பின் புதுத் துளிர் விட வலுவில்லை. துளிர் விட்டாலும் தாமதமாக விடுகிறது. இது முதல் காரணம்.

இரண்டாவது காரணமும் உண்டு. வளரும் காயின் விதையில் ஜிப்பரெல்லின் என்னும் ஹார்மோன் உண்டாகிறது. இலை வளர்ச்சியைத் தூண்டும் இந்தப் பொருள் பூ மொட்டு உருவாவதைத் தடுக்கும் இயல்புடையது. காய் மிகுந்த மரத்தில் இதன் அளவும் மிகும். எனவே காய்ப்பு மிகுந்த ஆண்டுதான் அடுத்த ஆண்டின் ஓய்வைத் தோற்றுவிக்கிறது.

ஓய்வு ஆண்டில் காய் இல்லாததால் மரம் தாராளமாகத் துளிர்க்கிறது, சத்தும் சேர்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு மறுபடியும் அளவுக்கு மீறிப் பூக்கிறது. இப்படியே ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருகின்றன. புளிய மரத்திலும் இந்தக் குணம் உண்டு. கோடையில் பூத்த புளி அடுத்த தை, மாசி வரை மரத்திலேயே தொங்குவதால், காய்ப்பு மிகுந்த மரம் அடுத்த முறை தளர்ந்து போவதில் வியப்பில்லை.

ஊரெல்லாம் ஒரே ஆண்டில் ஓய்வது ஏன்?

ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால், ஒரு தோட்டத்தில் பாதி மரம் காய்க்கும்போது மறுபாதி ஓய்ந்திருக்க வேண்டும். சில தோட்டங்களில் அப்படியே நடக்கிறது. ஆனால் பல ஊர்களில் எல்லா மரமும் ஒன்றாகக் காய்த்து ஒன்றாக ஓய்கின்றன. இதற்குக் காரணம் பருவநிலை. ஏதோ ஒரு தை மாசியில் பெய்த பருவம் தப்பிய மழை, ஊரில் உள்ள எல்லா மரத்துப் பூவையும் கொட்டிவிடுகிறது. அந்த ஆண்டு எல்லா மரமும் ஓய்ந்து சத்துச் சேர்க்கின்றன. அடுத்த ஆண்டு எல்லாம் ஒரே நேரத்தில் கிளை ஒடியக் காய்க்கின்றன. அதன்பின் அவை ஒரே அணியாக நடைபோடுகின்றன.

இதில்தான் சிறு விவசாயிக்குச் சிக்கல். நம் மரம் நிறையக் காய்க்கும் ஆண்டில் அடுத்தவர் மரமும் நிறையக் காய்க்கும். விலை இறங்கிவிடும். நம்மிடம் காய் இல்லாத ஆண்டில்தான் சந்தையில் விலை ஏறி நிற்கும். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் கிருஷ்ணகிரிப் பகுதியில் கிளிமூக்கு மாங்காயின் விலை சரிந்து, விவசாயிகள் பறிப்புக் கூலிக்கே தவித்ததைப் பலரும் அறிவார்கள்.

எல்லாக் குறைவும் ஓய்வு அல்ல

காய்ப்பு குறைந்ததற்கு மூன்று வகைக் காரணங்கள் இருக்கலாம். எது என்று தெரிந்த பிறகே செலவு செய்ய வேண்டும்.

1. பூவே வரவில்லை, மரம் முழுவதும் பசுமையாக நிற்கிறது, சென்ற ஆண்டு நிறையக் காய்த்தது. இது மரத்தின் இயற்கையான ஓய்வு. இதற்கு மருந்து அடிப்பது வீண்.

2. பூ நிறைய வந்தது. ஆனால் கருகிவிட்டது அல்லது கொட்டிவிட்டது. இது பூச்சி, நோய் அல்லது மழையின் வேலை. பூங்கொத்தின் மேல் வெண்ணிறச் சாம்பல் தூவியது போல இருந்தால் சாம்பல் நோய். இலைகள் பிசுபிசுப்பாகி, மேலே கரும்பூஞ்சணம் படர்ந்து, கிளையைத் தட்டினால் சிறு பூச்சிகள் பறந்தால் தத்துப்பூச்சி. பூக்காம்பில் கரும்புள்ளிகள் தோன்றிக் கருகினால், அதிலும் மழைக்கும் மூடுபனிக்கும் பிறகு வந்தால், பறவைக்கண் நோய் எனப்படும் ஆந்த்ராக்னோஸ்.

3. பூவும் குறைவு, இலையும் குறைவு, நுனிக்கிளைகள் காய்ந்திருக்கின்றன. இது மரம் நலிந்ததன் அடையாளம். தண்டுத் துளைப்பான் தாக்கிய துளைகளும் மரத்தூளும் அடிமரத்தில் தென்படுகின்றனவா, வேர்ப்பகுதியில் நீர் தேங்குகிறதா, நீண்ட காலமாக உரமே இடவில்லையா என்று பார்க்க வேண்டும்.

முதல் வகைக்குப் பொறுமையும், இரண்டாம் வகைக்குப் பூக்கும் பருவப் பாதுகாப்பும், மூன்றாம் வகைக்கு மரத்தின் பராமரிப்பும் வேண்டும்.

தென்னையின் கணக்கு வேறு

மாவின் கணக்கை அப்படியே தென்னைக்கும் முந்திரிக்கும் போட்டுவிடக் கூடாது.

தென்னையில் ஒரு பாளைக்கான குருத்து, பாளை வெடிப்பதற்குச் சுமார் 32 மாதங்களுக்கு முன்பே மரத்தின் கொண்டைக்குள் உருவாகிவிடுகிறது. பாளை வெடித்த பிறகு காய் முற்ற ஏறக்குறைய 12 மாதங்கள் ஆகின்றன. அதாவது இன்று பறிக்கும் தேங்காயின் தொடக்கம் மூன்றரை ஆண்டுகளுக்கும் முன்பு நடந்தது. 2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது ஏற்பட்டது போன்ற வறட்சியின் பாதிப்பு அந்த ஆண்டோடு முடிவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் காய் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். நல்ல மழை பெய்த ஆண்டில் காய் குறைகிறதே என்று உரத்தைக் குறை சொல்வது தவறு. அதேபோல, தென்னைக்கு இன்று இடும் உரத்தின் முழுப் பலனை அடுத்த ஆண்டே எதிர்பார்ப்பதும் சரியல்ல.

முந்திரி அந்தந்த ஆண்டின் புதுத் துளிரின் நுனியில் பூக்கிறது. மாவைப் போல ஒன்றுவிட்டு ஒராண்டு காய்க்கும் கட்டாயம் அதற்கு இல்லை. பூக்கும் காலத்தில் மேகமூட்டமும் மழையும் இருந்தால் தேயிலைக் கொசுவும் பூக்கருகலும் மிகும்; விளைச்சல் விழும். எனவே முந்திரியில் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் அந்தப் பருவத்தின் வானிலையையும் பூச்சியையும் பொறுத்தது. புயல் வேறு கதை. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூர் மாவட்ட முந்திரித் தோப்புகளையும், 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னைகளையும் வேரோடு சாய்த்தன. அத்தகைய இழப்பை ஓராண்டு விளைச்சல் குறைவாகக் கணக்கிட முடியாது. புதுக் கன்று வளர்ந்து காய்க்கும் வரை நீடிக்கும் இழப்பு அது.

ரகத்துக்கு ரகம் வேறுபாடு

எல்லா மா ரகமும் ஒன்றுபோல ஓய்வதில்லை. நீலம் ஆண்டுதோறும் ஓரளவு ஒழுங்காகக் காய்க்கும். பெங்களூரா எனப்படும் கிளிமூக்கும் பெரும்பாலும் அப்படியே. அல்போன்சா, இமாம்பசந்து, பங்கனப்பள்ளி ஆகியவற்றில் ஓய்வுக் குணம் காணப்படுகிறது. முல்கோவா சுவையில் சிறந்ததே தவிர, காய்ப்பில் கஞ்சத்தனம் உடையது.

நீலத்தின் ஒழுங்கான காய்ப்பைப் பிற ரகங்களில் சேர்ப்பதற்காகவே ஆராய்ச்சியாளர்கள் அதைப் பலமுறை பெற்றோராக எடுத்திருக்கிறார்கள். டில்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நீலத்தையும் தசேரியையும் இணைத்து மல்லிகா, ஆம்ரபாலி ஆகிய ரகங்களை உருவாக்கியது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 ரகம் சின்னசுவர்ணரேகாவும் நீலமும் சேர்ந்தது. பி.கே.எம். 2 நீலமும் முல்கோவாவும் சேர்ந்தது.

புதிதாகக் கன்று நடுவோர் ஒரே ரகத்தை மட்டும் நடாமல், ஒழுங்காகக் காய்க்கும் ரகம் ஒன்றும் விலை மிகுந்த ரகம் ஒன்றுமாகக் கலந்து நடுவது நல்லது. ஒன்று ஓய்ந்தாலும் மற்றது கைகொடுக்கும்.

காய்ப்பு ஆண்டில் செய்ய வேண்டியவை

ஓய்வு ஆண்டைச் சமாளிக்கும் வேலை, காய்ப்பு ஆண்டிலேயே தொடங்க வேண்டும். நிறையக் காய்த்த மகிழ்ச்சியில் மரத்தை மறந்துவிடுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை.

பூவைக் குறைத்தல்: வீட்டருகே உள்ள சிறிய ஒட்டு மரங்களில், அளவுக்கு மீறிப் பூத்த ஆண்டில், மரத்தின் ஒரு பாதிக் கிளைகளில் பூங்கொத்துகளை இளம் பருவத்திலேயே கிள்ளி விடலாம். அந்தக் கிளைகள் அடுத்த ஆண்டு பூப்பதற்கு வலுவோடு இருக்கும். பெரிய தோப்பில் இதற்குக் கூலி கட்டாது. அங்கே, பிஞ்சு அடர்ந்த கொத்துகளில் ஒரு பகுதியை மாவடுவாகப் பறித்து விற்பது இரண்டு வகையில் லாபம். ஊறுகாய்க்கு விலை கிடைக்கும். மரத்தின் சுமையும் இறங்கும்.

காலத்தில் பறித்தல்: முற்றிய காயை விலை ஏறும் என்று நம்பி நீண்ட நாள் மரத்திலேயே விடக்கூடாது. காய் தொங்கும் ஒவ்வொரு வாரமும் புதுத் துளிர் ஒரு வாரம் பின்னே தள்ளிப் போகிறது.

கவாத்து: பறிப்பு முடிந்த உடனே, காய்த்து முடிந்த பூங்கொத்தின் காய்ந்த காம்புகளை நுனிக்கிளையில் சிறிதளவு சேர்த்து வெட்டி விட வேண்டும். இதனால் பக்க மொட்டுகள் விரைவில் துளிர்க்கும். காய்ந்த கிளைகள், நோயுற்ற கிளைகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள் ஆகியவற்றை நீக்கி, மரத்தின் உட்பகுதிக்கு வெயில் விழச் செய்ய வேண்டும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுவது நல்லது.

உரம்: ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோவும், தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல்சத்து 1.5 கிலோவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. உரக்கடைக் கணக்கில் இது யூரியா 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 6.25 கிலோ, மூரியேட் ஆப் பொட்டாஷ் 2.5 கிலோ ஆகும். வழக்கமாக இதை செப்டம்பர், அக்டோபரில் இடுகிறார்கள். நிறையக் காய்த்து இளைத்த மரத்துக்கு, தொழு உரத்தையும் யூரியாவில் ஒரு பகுதியையும் பறிப்பு முடிந்த கையோடு, மண்ணில் ஈரம் இருக்கும்போது இட்டுவிடலாம். அடிமரத்தை ஒட்டி உரம் கொட்டுவதில் பயனில்லை. ஒன்று இரண்டு முழம் தள்ளி, கிளை விரிந்த எல்லை வரை வட்டமாக இட்டுக் கொத்திவிட வேண்டும். சத்தை எடுக்கும் மெல்லிய வேர்கள் அங்கேதான் இருக்கின்றன.

நீர்: ஆடி, ஆவணியில் மழை தவறினால் ஓரிரு தண்ணீர் கொடுத்துத் துளிரை வரவழைக்க வேண்டும். பின்னர், பூப்பதற்கு முந்திய இரண்டு மூன்று மாதங்கள் பாசனத்தை நிறுத்திவிட வேண்டும். அந்தக் காலத்தில் நீரும் யூரியாவும் கொடுத்தால் பூவுக்குப் பதில் இலை வரும். பிஞ்சு பட்டாணி அளவு ஆன பிறகு மீண்டும் நீர் பாய்ச்சலாம். வீட்டுத் தோட்டத்தில் குளியலறைத் தண்ணீர் ஆண்டு முழுவதும் மாமரத்தின் அடியில் பாய்வதும், மரம் செழித்து நின்றும் பூக்காமல் போவதற்கு ஒரு காரணம்.

பூக்கும் பருவத்தில் பாதுகாப்பு: சாம்பல் நோய் தென்பட்டால் நனையும் கந்தகத் தூளை லிட்டர் நீருக்கு 2 கிராம் வீதம் கலந்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் தெளிக்க வேண்டும். தத்துப்பூச்சிக்கு மருந்து தேவைப்பட்டால், பூங்கொத்து வெளிவரும் தருணத்திலேயே வட்டாரத் தோட்டக்கலை அலுவலரின் ஆலோசனைப்படி தெளிக்க வேண்டும். பூக்கள் முழுதும் விரிந்திருக்கும்போது பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. மாவில் மகரந்தச் சேர்க்கை செய்பவை ஈக்களும் தேனீக்களும் தான். அவற்றைக் கொன்றுவிட்டுப் பிஞ்சு பிடிக்கவில்லை என்று சொல்வதில் பொருளில்லை.

ஓய்வு ஆண்டில் செய்ய வேண்டியவை

ஓய்வு ஆண்டில் மரம் நிறையத் துளிர் விடும். அந்த இலைகளே அடுத்த பருவத்தின் சமையலறை. இலை தின்னும் புழு, தத்துப்பூச்சி ஆகியவற்றிலிருந்து அவற்றைக் காக்க வேண்டும். காய் இல்லையே என்று யூரியாவை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. தொழு உரமும் சாம்பல்சத்தும் போதிய அளவில் இட்டால் போதும். கவாத்தில் மிச்சம் வைத்த பெரிய கிளைகளை நீக்கவும், அடிமரத்தில் துளைப்பான் இருக்கிறதா என்று பார்க்கவும் இது நல்ல தருணம்.

அடிமரத்தில் ஆணி அடிப்பது, அரிவாளால் பட்டையைக் கொத்துவது ஆகிய பழக்கங்கள் சில ஊர்களில் உள்ளன. பட்டை வெட்டுப்பட்டால் இலையில் உண்டான சத்து வேருக்கு இறங்காமல் மேலேயே தங்குவதால் சில சமயம் பூ வரலாம். ஆனால் வேர் பட்டினி கிடக்கும். காயத்தின் வழியே துளைப்பானும் பூஞ்சணமும் நுழையும். ஓராண்டுப் பூவுக்காக மரத்தையே இழக்க நேரலாம்.

மருந்து கொடுத்துப் பூக்க வைக்கலாமா?

பிலிப்பைன்ஸ் நாட்டில் முன்பு மாமரத்தின் அடியில் புகை போட்டுப் பூக்க வைத்தார்கள். 1970களில் ரமோன் பர்பா என்னும் அந்நாட்டு விஞ்ஞானி, பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைத் தெளித்தே பூக்க வைக்கலாம் என்று கண்டறிந்தார். நம் நாட்டு ரகங்களில் இதன் பலன் ஒரே சீராக இருப்பதில்லை. பிப்ரவரித் தொடக்கம் வரை பூக்காத, ஆனால் நன்கு முற்றிய கிளைகள் உள்ள மரத்தில், லிட்டருக்கு 10 கிராம் வீதம் தெளித்துப் பார்க்கலாம். கிளை முற்றாத மரத்தில் தெளித்தால் இலைதான் வரும்.

பேக்லோபியூட்ரசால் என்னும் மருந்து, முன்னே சொன்ன ஜிப்பரெல்லின் உற்பத்தியைத் தடுத்துப் பூக்கச் செய்கிறது. ஓய்வு ஆண்டை எதிர்பார்க்கும் மரம் ஒன்றுக்கு 10 கிராம் மருந்துச் சத்து வீதம், செப்டம்பர் முதல் இரு வாரங்களில் வேர்ப்பகுதி மண்ணில் ஊற்றும் முறை உள்ளது. ஆனால் இதை ஆண்டுதோறும் கொடுக்கக் கூடாது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போதும். இம்மருந்து மண்ணில் நீண்ட காலம் தங்கும். இளமரத்துக்கும் நலிந்த மரத்துக்கும் கொடுத்தால் வளர்ச்சி குன்றிக் கிளைகள் சுருங்கிவிடும். மருந்து கொடுத்த மரத்துக்கு நீரும் உரமும் குறைவின்றித் தர இயலாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. குத்தகைதாரர் கேட்டாலும், மரம் உடையவரின் சம்மதம் இல்லாமல் ஊற்ற அனுமதிக்கக் கூடாது. காய் அவருடையது, மரம் உங்களுடையது.

சராசரிக் கணக்கு சொல்லும் உண்மை

எடுத்துக்காட்டாக இரண்டு மரங்களை எடுத்துக்கொள்வோம். முதல் மரம் நான்கு ஆண்டுகளில் முறையே 120, 30, 110, 40 கிலோ காய்த்தது. மொத்தம் 300 கிலோ. இரண்டாவது மரம் 70, 65, 75, 70 கிலோ காய்த்தது. மொத்தம் 280 கிலோ. எடையைப் பார்த்தால் முதல் மரமே சிறந்தது.

காய் மிகுந்த முதலாம், மூன்றாம் ஆண்டுகளில் கிலோ 15 ரூபாய், காய் குறைந்த இரண்டாம், நான்காம் ஆண்டுகளில் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் மரத்தின் நான்கு ஆண்டு வரவு 6,250 ரூபாய். இரண்டாவது மரத்தின் வரவு 7,575 ரூபாய். இருபது கிலோ குறைவாகக் காய்த்த மரம் 1,325 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. காய்ப்பு ஆண்டில் சற்றுக் குறைத்து, ஓய்வு ஆண்டில் சற்றுக் கூட்டுவதே லாபம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

குத்தகையிலும் இதே கணக்குதான். முதல் மரத்தைப் போல இருபது மரம் உள்ள ஒருவர், காய்ப்புக் குறைந்த இரண்டாம் ஆண்டில் பணத்தட்டுப்பாட்டால் அடுத்த இரண்டு ஆண்டுக்குக் குத்தகை பேசுகிறார் என்று கொள்வோம். அந்த ஆண்டு மரத்துக்கு 1,200 ரூபாய்தான் வந்தது. அதே கணக்கில் இருபது மரத்துக்கு இரண்டு ஆண்டுக்கு 48,000 ரூபாய் என்றால் நியாயமாகவே தோன்றும். ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் மரங்கள் கொடுக்கப் போவது 65,000 ரூபாய் மதிப்புள்ள காய். வியாபாரிக்குக் காவல், பறிப்பு, வண்டிச் சத்தம் ஆகிய செலவுகள் உண்டு என்பது உண்மை. அவற்றைக் கழித்துப் பேசுவது வேறு; காய்க்காத ஆண்டை அளவுகோலாக வைத்துப் பேசுவது வேறு. அனுபவமுள்ள வியாபாரி, மரத்தில் காய் இல்லாதபோதும் நுனிக்கிளைகளைப் பார்த்தே அடுத்த ஆண்டு எப்படி என்று அறிந்துகொள்கிறார். மரம் உடையவரும் அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதற்கு எதிரான தவறும் உண்டு. காய்ப்பு ஆண்டின் வரவை நம்பி, அடுத்த ஆண்டும் அதே பணம் வரும் என்று தவணைக் கடன் வாங்கிவிடுவது. எப்போதும் நான்கு ஆண்டுச் சராசரியை வைத்தே கடனும் குத்தகையும் பேச வேண்டும்.

மரத்துக்கு ஒரு பக்கம்

சராசரி தெரிய வேண்டுமானால் குறிப்பு வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண் கொடுத்து, மரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். ஆண்டுதோறும் ஐந்து விவரங்களை மட்டும் எழுதினால் போதும்: துளிர் வந்த மாதம், பூத்த தேதி, பூக்கும்போது மழையோ நோயோ இருந்ததா, பறித்த காயின் எடை அல்லது கூடைக் கணக்கு, விற்ற விலை.

இத்துடன் ஆவணி மாதத்தில் ஒரு எண்ணிக்கை எடுக்கலாம். மரத்தின் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 25 வீதம் 100 நுனிக்கிளைகளைப் பாருங்கள். அவற்றில் எத்தனை புதுத் துளிர் விட்டிருக்கின்றன என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை துளிர்த்திருந்தால் வரும் தை மாதத்தில் நல்ல பூவை எதிர்பார்க்கலாம். பூவைக் குறைக்கும் ஏற்பாட்டையும் யோசிக்கலாம். மிகச் சிலவே துளிர்த்திருந்தால் வருவது ஓய்வு ஆண்டு. அப்போது குடும்பச் செலவை அதற்கேற்ப முன்கூட்டியே திட்டமிடலாம். மாந்தோப்பில் வெயில் விழும் இடங்களில் உளுந்து, தட்டைப்பயறு போன்ற ஊடுபயிரும் விதைக்கலாம்.

நான்கு ஆண்டுக் குறிப்பு கையில் இருந்தால் எந்த மரம் விட்டுவிட்டுக் காய்க்கிறது, எந்த மரம் ஒழுங்காகக் காய்க்கிறது, எந்த மரம் உண்மையிலேயே பயனற்றது என்பது தெரிந்துவிடும். பயனற்ற மரத்தையும் உடனே வெட்ட வேண்டியதில்லை. தலையை வெட்டித் துளிர்க்கவிட்டு, ஒழுங்காகக் காய்க்கும் ரகத்தின் ஒட்டுக்குச்சியை அதில் ஒட்டிக் கட்டலாம்.

மாத வாரியாக நினைவில் வைக்க வேண்டியவை

ஆனி – ஆடி: காய் பறிப்பை முடித்தல், நுனிக் கவாத்து, தொழு உரம்.

ஆவணி: துளிர் எண்ணிக்கை, மழை இல்லையேல் நீர், இளந்துளிரில் பூச்சி உள்ளதா என்று பார்த்தல்.

புரட்டாசி: மீதி உரம் இடுதல்.

ஐப்பசி – மார்கழி: பாசனமும் யூரியாவும் நிறுத்தம், மழைநீர் தேங்காமல் வடித்தல்.

தை – மாசி: பூங்கொத்தைக் கவனித்தல், தத்துப்பூச்சி, சாம்பல் நோய்க் கட்டுப்பாடு, மிகுதியாகப் பூத்த சிறு மரங்களில் பூவைக் குறைத்தல்.

பங்குனி – வைகாசி: பட்டாணி அளவுப் பிஞ்சு முதல் நீர் பாய்ச்சுதல்; மாவடு பறித்தல்; முற்றிய காயைத் தாமதமின்றிப் பறித்து, எடையையும் விலையையும் நோட்டில் எழுதுதல்.

குத்தகை பேச வருவோரிடம் விலை சொல்லும் முன்பு இந்த நோட்டை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். நோட்டு இன்னும் தொடங்கவில்லை என்றால், இந்த ஆண்டு ஓராண்டுக்கு மட்டும் பேசி, குறிப்பு எழுதத் தொடங்குங்கள்.